இதய நோயாளியின் வீட்டில் மீன் சமையல்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பும் நாளில், மாத்திரைகளை எந்த வேளைக்கு எது என்று நாங்கள் விளக்கி முடித்த பிறகு, நோயாளியின் மனைவியோ மகளோ சற்றுத் தயங்கி நின்று ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "டாக்டர், இனிமே இவங்களுக்கு மீன் கொடுக்கலாமா?" எங்கள் இதயநோய்ப் பிரிவுக்கு வருவோரில் பெரும்பாலோர் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள். மீன் அவர்களுக்கு விருந்து நாளின் உணவு அன்று. அன்றாடச் சோற்றோடு சேர்ந்தது. சிலருக்கு அதுவே பிழைப்பும் ஆகும்.

இக்கேள்விக்கு நாங்கள் நெடுங்காலம் சரியான விடை தரவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் கொடுத்துவந்த உணவுக் குறிப்புத் தாளில், "உப்பு, எண்ணெய், அசைவம் தவிர்க்கவும்" என்று ஒரே வரி அச்சிடப்பட்டிருந்தது. யார் எப்போது எழுதிய வரி என்று எங்களுக்கே தெரியாது. படியெடுத்துப் படியெடுத்து எழுத்து மங்கிய அத்தாளை நாங்களும் மறுமுறை படித்துப் பாராமல் கையில் கொடுத்து வந்தோம்.

அறுபது வயதை நெருங்கிய மீனவர் ஒருவர் அத்தாளோடு வீடு சென்றார். மாரடைப்பினால் அவருடைய இதயத்தின் இரத்தத்தை வெளித்தள்ளும் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அவர் மனைவி அந்த ஒரு வரியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். ஏழு மாதங்கள் அவ்வீட்டு அடுப்பில் மீன் ஏறவில்லை. பிள்ளைகளுக்கு வேண்டியதைப் பக்கத்து வீட்டில் சமைத்து அங்கேயே உண்ணச் செய்தார். வெறும் இரசமும் கஞ்சியும் இறங்காத கணவருக்கு, சோறு உள்ளே போகட்டுமென்று ஊறுகாயும் அப்பளமும் வைத்தார். அவை சைவம் அல்லவா? தாள் அவற்றைத் தடுக்கவில்லையே! உறவினர் வீட்டுக்குச் சென்ற நாட்களில் அவர் இரண்டு துண்டு கருவாடும் மறைவாக உண்டிருக்கிறார். ஒருநாள் பின்னிரவில் நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடிய நிலையில் அவரைக் கொண்டுவந்தார்கள். கால்கள் இரண்டும் முழங்கால்வரை வீங்கியிருந்தன. "நீங்க எழுதிக் கொடுத்தபடிதானே டாக்டர் செஞ்சேன்" என்று அந்த அம்மையார் அழுதபோது, எங்களிடம் சொல்வதற்கு மறுமொழி இல்லை. அவர் செய்ததில் பிழையில்லை. பிழை நாங்கள் எழுதிக் கொடுத்ததில் இருந்தது. உணவில் அவருக்கு நன்மை செய்திருக்கக்கூடிய ஒன்றை நாங்கள் நிறுத்தினோம். தீங்கு செய்த உப்பைப் பின்கதவு வழியாக உள்ளே விட்டோம்.

ஐந்து நாட்களில் அவர் நலமடைந்து வீடு திரும்பினார். அந்தத் தாளை நாங்கள் மாற்றிவிட்டோம். மாற்றிய தாளில் இடம் போதாமல் விடுபட்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

மீன் இதயத்துக்கு என்ன செய்கிறது

1970களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கிரீன்லாந்தில் வாழும் இனூயிட் மக்களை ஆராய்ந்தனர். கடலுணவையும் அதன் கொழுப்பையும் மிகுதியாக உண்ணும் அம்மக்களின் இரத்தத்தில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு அமிலங்கள் மிகுந்திருந்ததை அவர்கள் கண்டனர். அதன் பின்னரே மீன் கொழுப்பைப் பற்றிய ஆர்வம் உலகெங்கும் பரவியது. 1989இல் வேல்ஸ் நாட்டில், மாரடைப்பிலிருந்து மீண்ட 2,033 ஆண்களிடம் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. கொழுப்பு மிகுந்த மீனை வாரம் இருமுறையேனும் உண்ணுமாறு அறிவுறுத்தப்பட்டவர்களிடையே, இரண்டாண்டுகளில் இறப்பு ஏறக்குறைய 29 விழுக்காடு குறைவாக இருந்தது.

ஆனால் அதே ஆய்வாளர் தலைமையில், நெஞ்சுவலியுள்ள ஆண்களிடம் பின்னர் நடத்தப்பட்டு 2003இல் வெளிவந்த ஆய்வில் அந்த நன்மை தென்படவில்லை. எனவே மீன் ஒரு மருந்து என்று நாங்கள் சொல்லமாட்டோம். மாத்திரைக்கு மாற்றாக அதை எவரும் கருதிவிடக் கூடாது. ஆட்டிறைச்சிக்கும், எண்ணெயில் பொரித்த கோழிக்கும், மொறுமொறுப்பான நொறுக்குத் தீனிக்கும் பதிலாகத் தட்டில் வைக்கத்தக்க நல்ல உணவு என்று மட்டும் உறுதியாகச் சொல்வோம். அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு இருமுறை, குறிப்பாகக் கொழுப்புள்ள மீனை, உண்ணப் பரிந்துரைக்கிறது. ஒரு முறைக்குச் சமைத்த மீன் ஏறக்குறைய 85 கிராம். உள்ளங்கையின் அகலத்துக்கு ஒரு துண்டு, அல்லது நடுத்தர அளவில் இரண்டு மத்தி என்று கொள்ளலாம்.

மருந்துக் கடையில் விற்கும் மீனெண்ணெய்க் குளிகைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றைத் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். அதிக அளவில் எடுத்துக்கொண்டால் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறக்கூடும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள் எங்களிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது. தட்டிலுள்ள மீனுக்கு இந்த அச்சமில்லை.

வாங்குவது

விலை உயர்ந்த மீனே நல்ல மீன் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. நோயாளிக்கென்று கடன் வாங்கி வஞ்சிரம் வாங்குவோரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது தேவையில்லை. இதயத்துக்கு நாம் நாடும் அந்தக் கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும்தான் நிறைந்துள்ளது. இவ்விரண்டுமே பெரும்பாலான நாட்களில் சந்தையில் மலிவானவை. மத்தியைச் சிலர் சாளை என்பர். கானாங்கெளுத்தியை அயிலை என்பர். நெத்திலியும் நன்று. சங்கரா, கிழங்கான், பாறை போன்றவற்றில் கொழுப்பு குறைவு. ஆயினும் நல்ல புரதம் உண்டு, செரிப்பதற்கும் எளிது. நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 18 முதல் 20 கிராம் வரை புரதம் கிடைக்கும். கருவுற்ற மகளிரும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. பெரிய மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் மீன்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு என்பது நம் வழக்கம். பாட்டிமார் எங்களைக் கோபித்துக்கொள்ளக் கூடும்.

புதிய மீனை அறிய நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கண் தெளிந்து புடைத்திருக்கும். செவுளைத் தூக்கினால் செக்கச் சிவந்திருக்கும். விரலால் அழுத்தினால் சதை உடனே மேலெழும்பும். கடல் மணம் இருக்கும், நாற்றம் இராது. இவற்றைத் தெரிந்தவர்கூட, நோயாளியைக் கவனிக்கும் அலைச்சலில் மாலை நேரத்தில் மிச்சமிருப்பதை வாங்கி வந்துவிடுகிறார். இங்கேதான் ஒரு தீங்கு மறைந்திருக்கிறது.

கானாங்கெளுத்தி, மத்தி, சூரை ஆகியவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் கிடந்தால் நுண்ணுயிரிகள் அதனை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஒருமுறை உண்டாகிவிட்ட ஹிஸ்டமின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அழிவதில்லை. அத்தகைய மீனை உண்ட சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ முகம் சிவக்கும். தலைவலி, அரிப்பு, படபடப்பு தோன்றும். சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கும். நலமாயிருப்பவருக்கு இது சில மணி நேரத் தொல்லை; இதயம் தளர்ந்தவருக்கு அவ்வாறு அன்று. "எனக்கு மீன் ஒவ்வாது" என்று எண்ணி வாழ்நாள் முழுவதும் மீனை விட்டவர்களில் சிலருக்கு உண்மையில் நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம். அத்தகைய அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும்; என்ன மீன், எங்கே எப்போது வாங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே சந்தையில் மற்றவற்றையெல்லாம் வாங்கிய பின்னர் கடைசியாக மீன் வாங்குங்கள். பையில் ஒரு கை பனிக்கட்டி போட்டுத் தரும்படி கேளுங்கள். கேட்டால் எவரும் மறுப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் குடலும் செவுளும் நீக்கிக் கழுவிக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரண்டு நாட்களுக்குள் சமைத்துவிட வேண்டும். உறைநிலைப் பகுதியில் வைத்ததை மேடைமேல் வைத்து இளக விடாமல், முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாட்களில் வெளியூர் மீனும் பனிக்கட்டியில் பல நாள் கிடந்த மீனும் கூடைக்கு வரும். அந்நாட்களில் நாட்டுப்படகில் வந்த சிறுமீனோ, உயிருடன் விற்கும் விரால் அல்லது கெண்டையோ கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். கிடைக்காவிட்டால் பயறும் முட்டை வெண்கருவும் போதும். அந்த இரண்டு மாதத்தில் இதயத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

மீன் நாறுவது ஏன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மீன் இறந்த பின்னர் அதன் சதையிலுள்ள ஒரு பொருளை நுண்ணுயிரிகள் சிதைப்பதால் டிரைமெதிலமீன் என்னும் வளி உண்டாகிறது. அந்த வாடை அதனுடையதே. புளிப்பு அதனைப் பிணித்துவிடும். நாம் எலுமிச்சையும் புளியும் சேர்ப்பது சுவைக்காக மட்டும் அன்று. கல் உப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவும் வழக்கம் வழுவழுப்பைப் போக்க உதவும். ஆனால் அதன் பிறகு இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசுங்கள். உப்புநீரில் மீனை ஊறப் போட்டு வைக்க வேண்டாம்.

அடுப்பில்

எண்ணெய் அறவே இல்லாமல் மீன் சமைக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு பாத்திரம் இருக்கிறது. அதுதான் இட்லிப் பானை.

இருவருக்கு நான்கு மத்தியோ இரண்டு நடுத்தரக் கானாங்கெளுத்தியோ எடுத்துக்கொள்ளுங்கள். செதிலும் குடலும் நீக்கி, இருபுறமும் கத்தியால் மூன்று கீறல் போடுங்கள். சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு நான்கு பல், மிளகும் சீரகமும் அரைத் தேக்கரண்டி வீதம், சிறிது மஞ்சள், ஒரு கொத்துக் கறிவேப்பிலை ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறும் கால் தேக்கரண்டி உப்பும் கலந்து கீறலுக்குள் படியுமாறு தடவுங்கள். கால் மணி நேரம் ஊறட்டும். வாழையிலையைத் தணலில் வாட்டி அதில் மீனைப் பொதிந்து, நீர் கொதித்து ஆவி எழுந்த பின்னர் இட்லித் தட்டில் வைத்து மூடுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடங்கள் போதும். கண்ணாடிபோல் இருந்த சதை வெண்மையாகி, முள்ளைவிட்டுத் தானாகப் பிரிந்து வரும், அதுவே பதம். வெப்பமானி வைத்திருப்போர் சதையின் நடுவில் 63 டிகிரி செல்சியஸ் வந்ததா என்று பார்க்கலாம். அதற்கு மேலும் வேகவிட்டால் மீன் வறண்டு போகும். நோயாளி இரண்டாவது முறை கேட்கமாட்டார்.

அந்தக் கால் தேக்கரண்டி உப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிராம். இருவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு முக்கால் கிராம். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. அது ஒரு தேக்கரண்டி. அதில் சோடியம் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம். மீனுக்கு இவ்வளவு சிறிய பங்கே போனால், மீதி நாளுக்கு இடமிருக்கிறது. இதயச் செயலிழப்புள்ளவர்கள் தங்கள் சீட்டில் நாங்கள் எழுதிய அளவையே பின்பற்ற வேண்டும்.

தோசைக்கல்லில் சுடுவது இன்னும் எளிது. இதே மசாலாவைத் தடவி, கல் நன்கு காய்ந்ததும் ஒரு தேக்கரண்டி எண்ணெயைப் பரப்பி, நடுத்தரத் தணலில் ஒரு புறத்துக்கு நான்கைந்து நிமிடம் வையுங்கள். ஒட்டிக்கொள்கிறதே என்று அவசரப்பட்டுத் திருப்பினால் தோல் பிய்ந்து வரும். அடிப்புறம் வெந்தால் மீன் தானாகவே கல்லை விடும். கடையில் விற்கும் மீன் வறுவல் பொடிகளில் உப்பும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கிறது. உறையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, அதன்மேல் மீண்டும் உப்புப் போடுவதை நிறுத்துங்கள்.

நிறைய எண்ணெயில் பொரிப்பதை நாங்கள் ஏன் வேண்டாம் என்கிறோம்? பொரிக்கும்போது மீனின் நல்ல கொழுப்பு எண்ணெய்க்குள் கசிகிறது. எண்ணெய் மீனுக்குள் புகுகிறது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த ஏறக்குறைய 3,900 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்து 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சுட்ட மீனையும் வாட்டிய மீனையும் உண்டோரிடம் இதயநோய் இறப்பு குறைந்திருந்தது. பொரித்த மீனை உண்டோரிடம் குறையவில்லை. பொரித்த எண்ணெயை வடித்து வைத்து மறுநாளும் பயன்படுத்தும் வழக்கம் இதனினும் கேடு. பொங்கலுக்கோ பேரப்பிள்ளையின் பிறந்த நாளுக்கோ ஒரு துண்டு பொரித்த மீன் உண்டால் குடி முழுகாது. அதை எங்களிடம் மறைக்கவும் வேண்டாம்.

இனிக் குழம்பு. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் குடும்பங்களில் பிணக்கு எழுவது இங்கேதான். நோயாளிக்கென்று தனியே ஒரு சிறு சட்டியில் உப்பும் உறைப்பும் அற்ற ஏதோ ஒன்றைக் காய்ச்சி வைத்துவிட்டு, மற்றவர் எல்லாரும் மணக்க மணக்க மீன்குழம்பு உண்பார்கள். அந்த மனிதருக்கு நோயைக் காட்டிலும் அந்தத் தனிச் சட்டியே பெரிய துன்பமாக இருக்கிறது. அதைப் பொறுக்க மாட்டாமல்தான் பலர் மறைவாக உண்கிறார்கள். சமைப்பவருக்கும் இரட்டை வேலை; சில வாரங்களிலேயே சலித்துவிடும்.

ஒரே சட்டியில் சமைக்க முடியும். நால்வருக்கு அரைக் கிலோ மீன். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் அரைத் தேக்கரண்டி வெந்தயம், பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, கறிவேப்பிலை, இரண்டு தக்காளி ஆகியவற்றை வதக்குங்கள். மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று தேக்கரண்டி, கால் தேக்கரண்டி மஞ்சள் சேர்த்து, எலுமிச்சை அளவுப் புளியைக் கரைத்து ஊற்றிப் பச்சை வாடை போகும்வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். இதுவரை உப்பு வேண்டாம். தணலைக் குறைத்து மீனை மெல்ல இறக்கி, ஆறேழு நிமிடம் வேகவிடுங்கள். கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் மீன் உடையாது. வெந்ததும் நோயாளியின் பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். சட்டியில் மீதியுள்ளதற்கு உப்பைக் கரைத்து ஊற்றி, ஒரு கொதி விட்டு மூடிவிடலாம். அரை மணி நேரத்தில் உப்பு மீனில் இறங்கிவிடும்.

நோயாளியின் கிண்ணத்துக்கு இரு விரல் நுனியில் எடுத்த ஒரு சிட்டிகை உப்பை, உண்ணும் நேரத்தில் மீனின்மேல் தூவுங்கள். குழம்பில் கரைந்துபோன உப்பைவிட மேலே தூவிய உப்பு நாவுக்கு உடனே தெரியும். குறைந்த அளவே நிறைந்த சுவை தரும். புளிப்பும் பூண்டும் மிளகும் அக்குறையைப் பெரிதும் மறைத்துவிடும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் சப்பென்றிருப்பதாகவே சொல்வார். நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். பழகிய பின்னர் பழைய குழம்பு உப்புக்கரிப்பதாகத் தோன்றும். வீட்டில் இரத்தக் கொதிப்புள்ள இன்னொருவர் இருந்தால், அவரும் அதே கிண்ணத்திலிருந்து உண்ணட்டும்.

உப்புக்குப் பதிலாகச் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை வாங்கலாமா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், இதயத்துக்காக நாங்கள் கொடுக்கும் சில மாத்திரைகளை உண்போருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தடுமாறக் கூடும். எங்கள் நோயாளிகளில் பெரும்பாலோர் அம்மாத்திரைகளை உண்பவர்களே. ஆகவே எங்களைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு மாதத்துக்கு ஓரிரு முறை போதும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மீனால் தொல்லையில்லை. குழம்பு சுவையாயிருப்பதால் இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று ஏறும் சோற்றினாலேயே தொல்லை.

கருவாட்டைப் பற்றி எங்களுக்குக் கருத்து வேறுபாடே இல்லை. கழுவினாலும் ஊறவைத்தாலும் சதைக்குள் இறங்கிய உப்பு முழுதும் வெளியேறாது. இதயச் செயலிழப்புள்ளவர்கள் அதனை விட்டுவிடவேண்டும். ஒரு துண்டுதானே என்பதும் வேண்டாம். ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. அவை சைவமாயிருப்பதால் இதயத்துக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை. உப்பு மிகுந்ததா என்பதைச் சொல்ல எடைக்கருவியைவிட நல்ல சாட்சி இல்லை. காலையில் சிறுநீர் கழித்த பின்னர், உணவுக்கு முன்னர், நாள்தோறும் எடை பாருங்கள். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ கூடினால் அது சதையன்று, நீர். மூச்சுத் திணறும்வரை காத்திராமல் அன்றே எங்களை அழையுங்கள்.

கேள்விப்படும் சில செய்திகள்

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீன் உண்டால் தையல் சீழ்பிடிக்கும் என்று சொல்கிறார்கள். அப்படியன்று. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். நெஞ்செலும்பை அறுத்துத் தைத்தவருக்கு அது மேலும் வேண்டும். சீழுக்குக் காரணம் கட்டுப்படாத சர்க்கரையும், புகைபிடித்தலும், புண்ணைத் தூய்மையாக வைக்காமையும். மீனும் தயிரும் சேர்த்து உண்டால் வெண்புள்ளி வரும் என்பதற்கும் சான்று கிடையாது. ஒவ்வாமை உறுதிப்பட்டவர் மட்டும் மீனைத் தவிர்க்க வேண்டும்.

யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுவலியால் துன்புறுவோருக்கு மத்தியும் நெத்திலியும் ஏற்றவை அல்ல. அதனை மிகுவிக்கும் பொருள் அவற்றில் அதிகம். சிறுநீரக நோயாளிகளுக்குப் புரத அளவு ஆளுக்கு ஆள் மாறும்: இரத்தச் சுத்திகரிப்புக்கு முந்திய நிலையில் குறைக்கச் சொல்வோம், சுத்திகரிப்புத் தொடங்கிய பின்னர் கூட்டச் சொல்வோம். ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் பின்பற்றக் கூடாது.

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுவோருக்கும், மிக முதியோருக்கும் முள் நிறைந்த மத்தி வேண்டாம். நடுமுள் மட்டுமே உள்ள துண்டை வேகவைத்து, நல்ல வெளிச்சத்தில், கையால் பிசைந்து முள் இல்லையென்று விரல் உணர்ந்த பின்னர், நிமிர்ந்து உட்கார வைத்துச் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். அந்நேரம் தொலைக்காட்சி ஓட வேண்டாம். முள் சிக்கிவிட்டால் வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் செய்வதும், வாழைப்பழத்தைத் திணிப்பதும் நம் வழக்கம். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தச் செய்து உணவுக்குழாயைக் கிழிக்கக் கூடும். விரலை விட்டுத் தோண்டவும் வேண்டாம். ஒன்றும் உண்ணாமல், குடிக்காமல், நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்; இரவு எந்நேரமாயினும் சரி. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவராயின், அந்த மாத்திரை அட்டையையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.